கால் மைலுக்கு ஓர் எஞ்சின்

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் அதே காரில் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்திலும் வெல்ல வேண்டும். தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் 1930களில் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்த முரணோடு மல்லுக்கட்டினார்கள். பணம் இருந்தால் இரண்டு கார் வைத்துக்கொள்ளலாம். அவர்களில் பெரும்பாலோரிடம் பணம் இல்லை. ஆகவே எஞ்சினைத் திட்டமிடுவது என்பது எதைப் பெற எதை விட்டுக்கொடுப்பது என்ற கணக்காயிற்று. தொழில்நுட்ப வரலாற்றைப் பெரிய ஆலைகளின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்ட நாம் கொட்டகைகளில் நடந்த இந்தக் கணக்கைக் கவனித்தது குறைவு.

இதன் தொடக்கப்புள்ளி ஒரு குறைபாடுள்ள எஞ்சின். 1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர்களை V வடிவில் ஒரே வார்ப்பாக வார்த்து, சாமானியர் வாங்கக்கூடிய விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொள்ளளவு 221 கன அங்குலம், திறன் 65 குதிரைசக்தி. சில ஆண்டுகளிலேயே பழைய இரும்புக் கடைகளிலும் அது மலிவாகக் கிடைத்தது. வால்வுகள் சிலிண்டரின் தலைக்கு மேல் அல்லாமல் பக்கவாட்டில் இருந்தன. மேலே தட்டையான ஒரு மூடி மட்டுமே. அதனால்தான் 'ஃபிளாட்ஹெட்' என்ற பெயர். எரிந்த புகையும் சிலிண்டர்களுக்கு இடையே புகுந்து பிளாக்கின் ஊடாகவே வெளியேறியது. விளைவு, ஓயாத சூடு.

இந்த எஞ்சினில் திறனைக் கூட்ட முனைந்தவன் உடனே ஒரு சுவரில் முட்டிக்கொள்வான். அழுத்த விகிதத்தை உயர்த்த மூடியைச் சீவ வேண்டும். சீவினால் வால்வுக்கு மேலே காற்று திரும்பிச் செல்லும் இடைவெளி குறையும். அழுத்தம் வேண்டுமென்றால் மூச்சு குறையும், மூச்சு வேண்டுமென்றால் அழுத்தம் குறையும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதில்தான் ஒவ்வொருவரின் கைத்திறனும் வெளிப்பட்டது. எஞ்சின் என்பது காற்றை இழுத்துவிடும் ஒரு பம்பு என்ற உண்மையை, மூச்சுத் திணறும் ஓர் எஞ்சினே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்பது என் எண்ணம்.

மற்றொரு வழி கொள்ளளவைக் கூட்டுவது. சிலிண்டரை 3 5/16 அங்குலமாகக் கடைந்து, 1949 மெர்க்குரி காரின் 4 அங்குல வீச்சுள்ள கிராங்க்ஷாஃப்டைப் பொருத்தினால் 276 கன அங்குலம் வரும். 3 3/8 அங்குலமாகக் கடைந்து வீச்சையும் 4 1/8 ஆக்கினால் 296. ஒவ்வொரு கடைசலிலும் சுவர் மெலியும். மெலிந்த சுவரில் சூடு ஏறும். பேராசைக்கு வார்ப்பிரும்பு விரிசலால் பதில் சொல்லும்.

எட் வின்ஃபீல்ட், அவர் வழியில் எட் இஸ்கெண்டேரியன் போன்றோர் தீட்டிய கேம்ஷாஃப்டுகள் வால்வை அதிக நேரம் திறந்து வைத்தன. உயர் சுழற்சியில் எஞ்சின் பாடும். தெருவில், சிவப்பு விளக்கின் முன் நிற்கும்போது தள்ளாடும். விக் எடல்பிராக் இரண்டு கார்புரேட்டர்களைத் தாங்கும் மேனிஃபோல்டை வார்த்து விற்றார். முதலில் தங்கள் கார்களுக்காகச் செய்துகொண்டதைப் பின்னர் பிறருக்கு விற்றவர்கள் பலர். ஒரு தொழில்துறையே இப்படி முளைத்தது.

இவர்களின் முதல் களம் முரோக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகள். 1937இல் அங்கே ஓடிய சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாயின. போர்க்காலத்தில் ராணுவம் முரோக்கை எடுத்துக்கொண்டது. போர் முடிந்து திரும்பியவர்கள் இரவில் பொதுச்சாலைகளிலும் ஓடினார்கள். விபத்துகளும் காவல்துறையின் கோபமும் தொடர்ந்தன. 1950இல் சாண்டா ஆனா விமானநிலையத்தின் ஓடுதளத்தில் முறையான பந்தயம் தொடங்கியது. (நம் சோழவரமும் போர்க்கால ஓடுதளமாக இருந்து பந்தயத்துக்கு வந்ததுதான்.) 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய அளவில் ஒரு சங்கத்தை நிறுவினார்.

ஏரியில் மைல்கணக்கில் ஓடி உச்சவேகத்தை எட்டலாம். இங்கே தூரம் 1320 அடி, கால் மைல். அதுவும் நின்ற இடத்திலிருந்து. உச்சவேகத்தை விடப் புறப்படும் கணத்தின் உந்துதல் பெரிதாயிற்று. எஞ்சினை மட்டும் எண்ணிப் பயனில்லை. பின் அச்சின் பல்சக்கர விகிதம், காரின் எடை, டயரின் பிடிப்பு எல்லாம் ஒரே திட்டத்துக்குள் வந்தாக வேண்டும்.

இந்த இளைஞர்களை ஆலைக்குள்ளிருந்து கூர்ந்து பார்த்தவர் சோரா ஆர்கஸ்-டண்டோவ். பிரஸ்ஸல்ஸில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்தவர். தம்பியுடன் சேர்ந்து ஃபிளாட்ஹெட்டுக்கு மேல்வால்வு மூடி செய்து விற்றவர். ஆர்கஸ், டண்டோவ் ஆகிய இரு பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'ஆர்டன்' என்று பெயர். செவ்ரொலேவில் வேலைக்குச் சேர்ந்த அவர் 1953 டிசம்பரில் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். இளைஞர்கள் ஃபோர்டிலேயே வளர்கிறார்கள், அவர்களை ஈர்க்கப் பாகங்களை நாமே செய்து தரவேண்டும் என்பது அதன் சாரம். 1955இல் எட் கோலின் மேற்பார்வையில் உருவான 265 கன அங்குல எஞ்சின் வந்தது. வால்வுகள் மேலே, ராக்கர்கள் எளிய தகட்டு அச்சில் அடித்தவை, எடை குறைந்தவை. ஆகவே வேகமாகச் சுழலும். 1957இல் எரிபொருள் ஊசிமுறையோடு 283 கன அங்குலத்துக்கு 283 குதிரைசக்தி என்று நிறுவனமே விளம்பரம் செய்தது. கொட்டகையில் வருடக்கணக்கில் தேடியது கடைச்சரக்காகிவிட்டது.

ஆயினும் பழைய முரண் தீரவில்லை. அறுபதுகளில் மிகுதியாகச் செய்த பிழை பெரிய கார்புரேட்டரைப் பூட்டுவது. கன அங்குலத்தைச் சுழற்சியால் பெருக்கி 3456ஆல் வகுத்தால் நிமிடத்துக்குத் தேவைப்படும் காற்று கன அடியில் கிடைக்கும். 350 கன அங்குல எஞ்சின் 6000 சுற்றில் ஓட ஏறத்தாழ 608 போதும். ஆனால் எண்ணூறு வாங்கினால்தான் சிலருக்கு மனம் நிறையும். காற்றின் வேகம் குறைந்து, கீழ்ச் சுழற்சியில் எஞ்சின் திக்கும். தெருவில் ஓடும் நேரமெல்லாம் கீழ்ச் சுழற்சிதானே! கேம்ஷாஃப்டும் அப்படியே: அளவு மீறினால் வெற்றிடம் குறைந்து, அதை நம்பியிருக்கும் பவர் பிரேக் பிடிக்காது. இது வெறும் வசதிக்குறைவு அன்று, உயிர் சம்பந்தப்பட்டது.

1970இல் செவெல் காரின் 454 கன அங்குல எஞ்சின் 450 குதிரைசக்தியைத் தொட்டது. மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ், ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக அழுத்த விகிதங்களைக் குறைத்தது. தெருப்பந்தயத்திலிருந்து இளைஞர்களை மீட்க 1955இல் வில்மிங்டனில் திறந்த லயன்ஸ் ஓடுதளம் 1972 டிசம்பரில் மூடப்பட்டது. சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்திருந்தார்கள்.