சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு மூச்சுக் கொடுத்தவர்கள்

இசைக் கலைஞர்களைப் பற்றிய தமிழ்ப் படம் எது என்று கேட்டால் நம்மில் பத்துக்கு எட்டுப் பேர் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்போம். மலர்க் குழு நண்பர் “ஏதாவது வரலாறா எழுதுப்பா” என்று கேட்டார். கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால், அந்தக் கதைக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

ஆனந்த விகடனில் ‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதி, கோபுலு படம் வரைந்த தொடர்கதை அது. ஏ.பி. நாகராஜன் அதை 1968-ல் படமாக்கினார். திரையில் ஊதியவர்கள் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும். உண்மையில் ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் இரண்டு பேர், திரைக்குப் பின்னாலும் இரண்டு பேர்! சிவாஜியின் கன்னம் உப்புவதையும், கழுத்து நரம்பு புடைப்பதையும் பார்த்தவர்களுக்கு இது நடிப்பு என்றே தோன்றாது. அந்தப் பெருமையில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் மூச்சு மதுரைக்காரர்களுடையது. அன்று எங்கள் நெய்க்காரப்பட்டியும் மதுரை ஜில்லாதான். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல். ஆகவே கொஞ்சம் உரிமையோடுதான் சொல்கிறேன்.

படத்தில் யார் யார் மேளத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கோயில், மைனர், மகாராஜா. எங்க ஊரும் பழைய ஜமீன் ஊர் என்பதால் இது என் கண்ணில் பட்டது. சுப்பு கதையை எழுதிய 1950-களிலேயே அந்த உலகம் முடிந்துவிட்டது. 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். மோகனாவின் தாய் மகளுக்குப் பணக்காரப் புரவலரைத் தேடி அலைவதும், மைனரின் ஆள் வைத்தி தூது நடப்பதும் அந்தப் பழைய ஏற்பாட்டின் மிச்சம். சட்டங்கள் வந்தது நியாயம்தான், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் ஜமீன் போனபின் மேளக்காரருக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்வி பாக்கி நின்றது. கோயில் மானியம், கல்யாணம், ரேடியோ, கொஞ்சம் சினிமா... இவ்வளவுதான் விடை.

இதற்கு முன்னால் மரியாதைக்கான சண்டை ஒன்று நடந்தது. நாதஸ்வரக்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றபடியே வாசிக்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தை மாற்றி, மேடையில் உட்கார்ந்து வாசித்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. பழைய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி அதிகம். நீளம் கூடினால் சுருதி இறங்கும், இது நம் பௌதிகப் பாடம்தான். அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆச்சாரி ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்த நீளமான வாத்தியம்தான் பாரி நாயனம். இந்த மாற்றத்தைச் செய்தது ஒரு மரவேலைக்காரரின் கை என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2022-ல்.

ராஜரத்தினம் பிள்ளையை சினிமாவும் கூப்பிட்டது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ 1940-ல் வந்தது. அதில் அவருக்கு நாதஸ்வர வித்வான் வேடம் இல்லை, கவி காளமேகம் வேடம்! படம் வெற்றி பெறவில்லை. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலத்தைக் கூப்பிட்டபோது சினிமா கொஞ்சம் புத்திசாலியாகிவிட்டது. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் ஜெமினி கணேசன் கையில் நாயனம், உள்ளே காருகுறிச்சியின் வாசிப்பு. எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரியில் அவர் வாசித்த பாட்டைக் கேட்காத தமிழர் குறைவு. நாயனம் மைக் இல்லாமல் தெருக்கோடி வரை கேட்கச் செய்யப்பட்ட வாத்தியம். அதையும் மனிதக் குரலையும் ஒரே பாட்டில், ஒன்று மற்றதை விழுங்காமல் நிறுத்துவது லேசான வேலையில்லை. இரண்டே வருடத்தில், 1964-ல், காருகுறிச்சி காலமானார்.

அடுத்தது எங்கள் பக்கத்துப் படம். கங்கை அமரன் 1989-ல் எடுத்த ‘கரகாட்டக்காரன்’. ‘மோகனாம்பாள்’ கதையைத்தான் கிராமத்துக்கு இறக்கினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கே பெரிய மேளம், இங்கே நையாண்டி மேளம். நாயனமும் தவிலும் பம்பையும் சேர்ந்து, நின்றும் ஆடியும் வாசிக்கிற மேளம் இது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தக் காவடிகள் பழனிக்கு வரும்போது பாருங்கள், வெயிலில் நடந்துகொண்டே மணிக்கணக்கில் ஊதுவார்கள். வித்வான்கள் இதைச் சங்கீதத்தில் சேர்ப்பதில்லை. என் காதுக்கு அது அநியாயமாகப் படுகிறது.

ஒரு வருத்தமும் உண்டு. ‘மோகனாம்பாளில்’ பாலையாவின் தவில்காரர் சிரிக்க வைப்பார், ஆனால் குச்சியைக் கையில் எடுத்தால் மனிதரே மாறிவிடுவார். ‘கரகாட்டக்காரனில்’ தவிலும் நாயனமும் கவுண்டமணி, செந்தில் கைக்குப் போய்விட்டன. வாழைப்பழம் ஞாபகம் இருக்கிற நமக்கு, அவர்கள் ஒரு மேளத்தின் வாத்தியக்காரர்கள் என்பது ஞாபகமில்லை. விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன்தான்!

‘சிந்து பைரவி’ (1985) போன்றவை கச்சேரி மேடைப் படங்கள், அதைத் தனியாக எழுத வேண்டும். ராஜீவ் மேனனின் ‘சர்வம் தாளமயம்’ மட்டும், மிருதங்கம் செய்பவரின் மகன் மிருதங்கம் கற்க ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்று கேட்டது. வாத்தியம் செய்பவன் வீட்டுக்குள் சினிமா நுழைய 2019 வரை ஆகியிருக்கிறது.

இன்று எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் செண்டை மேளம் வருகிறது, ஸ்பீக்கர் வருகிறது. நாயனம் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும். வாசிப்பவர் கண் கூட்டத்தில் இல்லை, ‘கெட்டிமேளம்’ என்று கை காட்டுகிறவர் மேலேயே இருக்கிறது.

விழாக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். சந்திப்பு நாளன்று நாதஸ்வரம் வைப்பதானால், வாசலில் நிற்க வைக்க வேண்டாம். மேடையில் ஜமக்காளம் விரித்து உட்கார வையுங்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள். அதுவரை பந்தியை ஆரம்பிக்காதீர்கள். செலவில் என் பங்கை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன்.