மகிந்திரா குளோபல் பிக்கப்

மகிந்திரா குளோபல் பிக்கப் என்பது இந்தியாவின் மகிந்திரா அண்டு மகிந்திரா நிறுவனம் ஆகஸ்ட் 15, 2023 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் அறிமுகப்படுத்திய மாதிரிப் பொதியுந்து (பிக்கப்) ஆகும். கரடுமுரடான நிலத்தில் செல்லும் வகையில் வடிவமைக்கப்பட்ட இவ்வண்டி, 2022 இல் வெளியான ஸ்கார்ப்பியோ-என் மகிழுந்தை அடிப்படையாகக் கொண்டது. இதன் வெளித்தோற்றம் மும்பையிலுள்ள அந்நிறுவனத்தின் வடிவமைப்புக் கூடத்தில் உருவானது. பொறியியல் பணிகள் தமிழ்நாட்டில், செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள மகிந்திரா ஆய்வு மையத்தில் நடைபெற்றன.

மாதிரி வண்டி என்பது விற்பனைக்கு வரும் வண்டி அன்று. ஆகவே இதன் எந்தெந்தக் கூறுகள் சாலைக்கு வரும் என்பது குறித்துப் பலவித ஊகங்கள் எழுந்தன.

பின்னணி

ஓட்டுநர் அறைக்குப் பின்னால் திறந்த சரக்குத் தொட்டி கொண்ட சிறு சுமையுந்தே பொதியுந்து எனப்படுகிறது. இதனை ஆஸ்திரேலியாவில் "யூட்" என்றும் தென்னாப்பிரிக்காவில் "பாக்கி" என்றும் அழைப்பர். 1934 இல் ஆஸ்திரேலியாவின் ஃபோர்டு நிறுவனத்தில் லூயிஸ் பேண்ட் வடிவமைத்த வண்டியே முதல் யூட் எனக் கருதப்படுகிறது. ஞாயிறன்று தேவாலயத்திற்குச் செல்லவும் திங்களன்று பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்று உழவர் ஒருவரின் மனைவி கடிதம் எழுதியதே இதற்குத் தூண்டுதல் எனக் கூறப்படுகிறது. ஆட்களுக்கான வசதியா, சரக்குக்கான இடமா என்னும் இக்கேள்வி இன்றைய பொதியுந்து வடிவமைப்பிலும் தொடர்கிறது.

இந்தியாவில் குடும்பப் பயணத்துக்கும் உரிய பொதியுந்துகள் பெருமளவில் விற்பனையானதில்லை. மகிந்திரா ஸ்கார்ப்பியோ கெட்டவே (2007), டாடா செனான் (2009), இசுசு வி-கிராஸ் (2016), டொயோட்டா ஹைலக்ஸ் (2022) ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

மாதிரியின் அமைப்பு

கேப் டவுனில் காட்டப்பட்ட வண்டி, நான்கு கதவுகளும் இரு வரிசை இருக்கைகளும் கொண்ட இரட்டை அறை வகையாகும். நீரைக் கடக்கும்போது இயந்திரத்துள் நீர் புகாதவாறு உயரத்தில் இருந்து காற்றை இழுக்கும் குழாய் (ஸ்நார்கல்), கூரைச் சட்டம், கூடுதல் விளக்குகள், அனைத்து நிலங்களுக்கும் ஏற்ற சக்கர உறைகள் ஆகியன இதில் இடம்பெற்றிருந்தன. இரண்டாம் தலைமுறை எம்-ஹாக் டீசல் இயந்திரம், 6 வேகத் தானியங்கிப் பல்லிணைப் பெட்டி, நான்கு சக்கர இயக்கம் ஆகியவற்றை நிறுவனம் அறிவித்தது.

வடிவமைப்புச் சிக்கல்கள்

ஸ்கார்ப்பியோ-என் மகிழுந்தின் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தொலைவு 2750 மி.மீ. ஆகும். இரட்டை அறையும் சரக்குத் தொட்டியும் ஒருங்கே அமைய இத்தொலைவு போதாது. ஒப்பீட்டளவில், ஹைலக்ஸ் வண்டியில் இது 3085 மி.மீ. ஆகும். எனவே ஏணிச் சட்டகத்தை நீட்டித்தாக வேண்டும். நீட்டிப்பதால் மூன்று விளைவுகள் உண்டாகின்றன:

* மேட்டு உச்சியைக் கடக்கும்போது அச்சுகளுக்கு இடைப்பட்ட அடிப்பகுதி தரையில் தட்டும் வாய்ப்பு கூடுகிறது. இதனை ஈடுசெய்யத் தரை இடைவெளியை உயர்த்த வேண்டும்.
* சரக்குத் தொட்டி பின் சக்கரங்களுக்கு அப்பால் நீண்டால், சரிவிலிருந்து இறங்கும்போது வண்டியின் வால் தரையில் இடிக்கும்.
* வண்டி திரும்புவதற்குத் தேவைப்படும் இடம் மிகுதியாகிறது.

அடுத்த சிக்கல் பின்புறத் தாங்கமைப்பு ஆகும். ஸ்கார்ப்பியோ-என் மகிழுந்தில் உள்ள சுருள்வில் பயணிகளுக்குச் சொகுசானது. பாரம் ஏற்றும் வண்டிகளிலோ பட்டை வில்களே பெரும்பாலும் பயன்படுகின்றன. இவை கூடுதல் எடையைத் தாங்கும். ஆயினும் தொட்டி காலியாக இருக்கையில் வண்டி குலுங்கும். ஆகவே எந்த வில் தெரிவு செய்யப்படுகிறது என்பது, வண்டி யாருக்காக உருவாக்கப்படுகிறது என்பதைக் காட்டும் முதன்மையான அடையாளமாகும்.

தமிழ்நாட்டுப் பயன்பாடு

தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் பொதியுந்து முதன்மையாக ஒரு தொழிற்கருவியாகும். புதுக்கோட்டை மாவட்டத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வடகாடு, கீரமங்கலம் வட்டாரங்களின் பலாப்பழமும் பூக்களும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீன்பிடி தளங்களின் மீனும் சிறு சுமையுந்துகளில் கொண்டு செல்லப்படுகின்றன. தச்சங்குறிச்சி முதலிய ஊர்களின் சல்லிக்கட்டுக்குக் காளைகளும் இத்தகைய வண்டிகளிலேயே அழைத்துவரப்படுகின்றன.

இப்பணிகளுக்கு வேண்டுவது நீண்ட தொட்டியாகும். அதே நிறுவனம் 2023 இல் வெளியிட்ட பொலிரோ மேக்ஸ் பிக்கப் வரிசையில், ஒற்றை அறைக்குப் பின்னால் 3050 மி.மீ. வரை நீளமான தொட்டியும் 1.3 முதல் 2 டன் வரை சுமைதிறனும் உண்டு. இரட்டை அறைப் பொதியுந்துகளின் தொட்டி நீளம் பொதுவாக 1.5 மீட்டர் அளவிலேயே அமைகிறது. செம்மண் தடத்திலும் மணற்பாங்கான கடற்கரையிலும் நான்கு சக்கர இயக்கம் உதவக்கூடும். ஆனால் ஒரு நடையில் செல்லும் சரக்கு பாதியானால், உழவருக்கும் மீனவருக்கும் அதனால் பயன் குறைவே.

பிந்தைய நிகழ்வுகள்

2024, 2025 ஆம் ஆண்டுகளில் மறைப்பு உறை ஒட்டிய சோதனை வண்டிகள் இந்தியச் சாலைகளில் படம் பிடிக்கப்பட்டன. இரட்டை அறை வகையுடன் ஒற்றை அறை வகையும் அவற்றுள் காணப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. இது, வண்டி பொழுதுபோக்குப் பயணத்துக்கு மட்டும் உரியதன்று என்ற ஊகத்தை வலுப்படுத்தியது.

ஆகஸ்ட் 15, 2025 அன்று மும்பையில் இந்நிறுவனம் வேறு நான்கு மாதிரிகளை வெளியிட்டது. அவற்றுள் விஷன் எஸ்.எக்ஸ்.டி. என்பது பொதியுந்து வடிவம் கொண்டது. அதன் குறுகிய தொட்டியில் இரு உதிரிச் சக்கரங்கள் வைக்கப்பட்டிருந்தன. காட்சி மாதிரிகளில் எழிலும் சாகசத் தோற்றமும் முன்னிற்பதற்கு இது சான்றாகும்.

மதிப்பீடு

மாதிரி வண்டியின் கூரை விளக்குகளும் காற்றுக் குழாயும் எளிதில் கழற்றக்கூடிய இணைப்புகளே. அச்சிடைத் தொலைவு, பின்புற வில், தொட்டியின் நீளம் ஆகிய மூன்றும் சட்டகத்தோடு பிணைந்தவை. பின்னர் மாற்ற இயலாதவை. ஆகவே வரவிருக்கும் ஒரு பொதியுந்தைக் குறித்து ஊகிக்க முனைவோர் முகப்பைக் காட்டிலும் இம்மூன்றையுமே முதலில் நோக்குதல் தகும்.