போக்காடு

லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில், பாவநிவிர்த்தி நாளுக்கான முறைமையில் வரும் சொல் இது. போக்கு + ஆடு. எபிரேய மூலத்தில் இருப்பது ‘அசாசேல்’. அது வனாந்தரப் பேயின் பெயர் என்பார் உண்டு. ஆடு, போதல் என்னும் இரு சொற்களின் சேர்க்கை என்பாரும் உண்டு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘அனுப்பிவிடப்படுவது’ என்று கொண்டது. தமிழும் அவ்வழியே சென்றது. ஆனால் அதற்கு மேலும் ஒன்று கிடைத்தது. பசி போக்குகிறோம், பிணி போக்குகிறோம். அதே வினைதான் இங்கும்: போக்கப்படுவது ஆடு மட்டுமல்ல, பாவமும்.

இதைப் ‘பலியாடு’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. சீட்டுப் போட்டுப் பிரிக்கும் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களில் ஒன்றுதான் பலியாகும். அதன் இரத்தம் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல் தெளிக்கப்படும். மற்றதன் தலையில் பிரதான ஆசாரியனாகிய ஆரோன் இரு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்களை அறிக்கையிடுவான். அது உயிரோடு வனாந்தரத்துக்குப் போகும்.

கிறிஸ்தவ விசுவாசம் இரண்டையும் இயேசு ஒருவரிடமே காண்கிறது: இரத்தம் சிந்தியவரும் அவர், நகர வாசலுக்குப் புறம்பே பாவத்தைச் சுமந்து போனவரும் அவர்.