தாயுமானவன்

தமிழ் ஆண்பெயர். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் கோயில் கொண்ட தாயுமானவர் என்னும் சிவபெருமானின் பெயரிலிருந்து வந்தது. சாமிக்கு ‘ர்’, பிள்ளைக்கு ‘ன்’. தாய் + உம் + ஆனவன் எனப் பிரியும். இதில் ‘ஆனவன்’ வினையாலணையும் பெயர். பெயரின் உயிர் நடுவிலுள்ள ‘உம்’மில் இருக்கிறது. அது எச்ச உம்மை: அப்பனாக முன்பே இருந்தவன் தாயாகவும் ஆனான். ஒரு பெண்ணுக்கு இப்பெயரைப் பொருத்திப் பார்த்தால் உம்மைக்கு வேலை இல்லாமல் போகும்.

பெயருக்குப் பின்னுள்ள கதை செவ்வந்திப் புராணத்தில் வருகிறது. இயற்றியவர் எல்லப்ப நாவலர். திருச்சியில் வாழ்க்கைப்பட்ட இரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பேறுகாலம். பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட்டது. வலி கண்டு அலறிய மகளிடம் சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து, பிரசவம் பார்த்து, பிள்ளையையும் தாயையும் பேணினார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து நின்றபோது வீட்டில் இரண்டு அம்மாக்கள், ஒருவர் மறைந்தார். திருக்கருகாவூரில் கர்ப்பத்தைக் காப்பவள் அம்மன். இங்கே பேறு பார்த்தது சுவாமியே.

சித்திரைத் திருவிழாவில் இதைச் ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்று நடத்துவார்கள். அன்று சுகப்பிரசவத்துக்கான மருந்தும் எண்ணெயும் பெண்களுக்குக் கிடைக்கும். நல்லபடியாகப் பிரசவமானால் வாழைத்தார் சாத்துவதாக வேண்டிக்கொள்வது வழக்கம். எடமலைப்பட்டி புதூரிலிருந்து வரும் குடும்பமானாலும் ஸ்ரீரங்கத்திலிருந்து வருவதானாலும், முழுத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு மலைப்படி ஏறித்தான் ஆகவேண்டும். அப்படி வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அந்தச் சாமியின் பெயரையே வைப்பதும் உண்டு.

இப்பெயரால் மிகவும் அறியப்பட்டவர் 18ஆம் நூற்றாண்டுச் சைவக் கவிஞர் தாயுமானவர். தந்தை கேடிலியப்ப பிள்ளை வேதாரண்யத்துக்காரர். திருச்சியில் விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம் (ஆட்சி 1706–1732) பணிபுரிந்தவர். மூத்த மகனைத் தம் அண்ணனுக்குச் சுவீகாரம் கொடுத்துவிட்டு, மலைக்கோட்டை இறைவனை வேண்டி அடுத்த மகனைப் பெற்றார் என்பது வரலாறு. அந்த மகன் மணந்த பெண்ணின் பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டை அம்மனின் பெயரும் அதுவே. தேன் ஒழுகும் நெடுங்கூந்தலாள் என்று பொருள்.

வடமொழியில் சுவாமி மாத்ருபூதேஸ்வரர், அம்மன் சுகந்த குந்தளாம்பிகை. முன்னதிலிருந்து வந்த ‘மாத்ருபூதம்’ திருச்சி வட்டாரத்தில் ஆண்பெயராக வழங்குகிறது. திருச்சிக்காரரும் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனருமான கிரீஷ் மாத்ருபூதத்தால் வெளிநாட்டவரும் அதை உச்சரிக்கப் பழகியிருக்கிறார்கள். தாயானவன் என்ற அளவில் மொழிபெயர்ப்பு சரிதான். ஆனால் தமிழில் இருந்த ‘உம்’ அதில் இறங்கவில்லை. அதனோடு அப்பனும் போய்விட்டார்.

இன்று இச்சொல் பெயராக மட்டும் நிற்கவில்லை. மனைவியை இழந்து பிள்ளைகளை வளர்த்தவரைத் ‘தாயுமானவர்’ என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். பாலகுமாரனின் நாவல் ஒன்றுக்கு ‘தாயுமானவன்’ என்றே தலைப்பு. 2025 ஆகஸ்டில் தமிழக அரசு, முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுபோகும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கும் இந்தப் பெயரையே இட்டது.