சீட் பெல்ட்டும் குழந்தை இருக்கையும்

சீட் பெல்ட் என்பது மோதலின்போதும் திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும் காரில் இருப்பவரை இருக்கையோடு சேர்த்துப் பிடித்து நிறுத்தும் நெசவுப் பட்டை. பெரியவர் உடலளவுக்குச் செய்த அந்தப் பட்டை பொருந்தாத குழந்தைகளுக்கென்று தனியாக வடிவமைக்கப்பட்டது குழந்தை இருக்கை. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: மோதலின் விசையை உடலின் வலுவான பகுதிகளில் ஏற்றி, அதைப் பரவலாகவும் சற்று நேரம் எடுத்தும் தணிப்பது. பட்டை உடலில் எங்கே படிய வேண்டும், குழந்தை எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பன போன்ற விதிகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, சீட் பெல்ட் அணிவதால் வாகனத்தில் இருப்பவரின் மரண அபாயம் 50 சதவீதம் வரை குறைகிறது. கார்களில் குழந்தை இருக்கை ஒரு வயதுக்குட்பட்டவர்களின் மரண அபாயத்தை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுள்ளவர்களின் மரண அபாயத்தை 54 சதவீதமும் குறைப்பதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

மோதலில் நடப்பது

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதினால், அதன் முன்பகுதி நசுங்கி, ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வண்டி நின்றுவிடும். பட்டை அணியாதவரின் உடல் மட்டும் அதே வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங், டேஷ்போர்டு, முன்கண்ணாடி, முன் இருக்கையின் முதுகு என எதிர்ப்படும் ஏதோ ஒன்றில் அது மோதுகிறது. அந்த வேகத்தில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். உடல் நின்ற பிறகும் மூளை மண்டையோட்டின் உட்புறத்தில் மோதுகிறது. இதயத்தோடும் நுரையீரலோடும் சேர்ந்த பெரிய இரத்தக் குழாய்கள் இழுபடுகின்றன. கார், உடல், உள்ளுறுப்புகள் என ஒரே விபத்தில் மூன்று மோதல்கள் நிகழ்கின்றன. பட்டை அணிந்தவரின் உடல் கார் நசுங்கும் நேரத்தைத் தானும் பயன்படுத்திக்கொண்டு காரோடு சேர்ந்து நிற்கிறது.

குழந்தையை மடியில் வைத்திருப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் பரவலாக உண்டு. மேலே சொன்ன மோதலில் 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, சராசரியாகவே சுமார் 140 கிலோ எடையைத் தாங்கும் அளவு விசை தேவை. எந்தத் தாயின் கையும், எந்தத் தந்தையின் கையும் அதைத் தாங்காது. பெரியவரும் குழந்தையும் ஒரே பட்டைக்குள் இருந்தால், பெரியவரின் எடை முழுவதும் பட்டைக்கும் தனக்கும் நடுவே குழந்தையை நசுக்கும்.

பின் இருக்கையில் பட்டை தேவையில்லை என்பதும் தவறான நம்பிக்கை. பட்டை அணியாமல் பின்னால் இருப்பவர் தானும் அடிபடுவதோடு, முன்னால் பட்டை அணிந்து அமர்ந்திருப்பவர் மீதும் பாய்கிறார். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவருடன் பின் இருக்கையில் இருந்தவரும் உயிரிழந்தனர். இருவரும் பட்டை அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. முன்னால் இருந்த இருவர் காயங்களுடன் உயிர் பிழைத்தனர். பின் இருக்கைப் பட்டை குறித்து இந்தியாவில் பரவலான பேச்சு எழுந்தது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

வரலாறு

ஆளை நிலையான ஒரு பொருளோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டைக்கு நியூயார்க்கைச் சேர்ந்த எட்வர்டு கிளாகார்ன் 1885இல் காப்புரிமை பெற்றார். பின்னர் விமானங்களிலும், 1950களில் சில கார்களிலும் இடுப்பை மட்டும் சுற்றும் பட்டைகள் வந்தன. அவை உடல் வெளியே தூக்கியெறியப்படுவதைத் தடுத்தாலும், மேலுடல் முன்னே மடிந்து தலை மோதுவதைத் தடுக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்த்தவர் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின். அதற்குமுன் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களின் வெளியேற்று இருக்கைகளை வடிவமைத்தவர் அவர். இடுப்பிலும் மார்பின் குறுக்கேயும் சென்று பக்கவாட்டில் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்ளும் மும்முனைப் பட்டையை 1959இல் அவர் உருவாக்கினார். ஒரே கையால் மாட்டிவிட முடிவது அதன் வெற்றிக்கு முக்கியக் காரணம். வால்வோ அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இன்று உலகின் கார்களில் இருப்பது அடிப்படையில் அதே பட்டைதான்.

பட்டை அணிவதை முதலில் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970இல். பிரிட்டனில் முன் இருக்கைக்கான கட்டாயம் 1983இல் நடைமுறைக்கு வந்தது.

1930களில் விற்பனைக்கு வந்த குழந்தை இருக்கைகள், குழந்தை காருக்குள் அலையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கானவை. பாதுகாப்பு அவற்றின் நோக்கமன்று. 1960களில் ஸ்வீடன் ஆய்வாளர் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் ஏவுதலின்போது விசையை முதுகில் தாங்கும் விதத்தைக் கண்டு, குழந்தையைப் பின்னோக்கி அமர்த்தும் இருக்கையை உருவாக்கினார். அமெரிக்காவில் குழந்தை இருக்கையை முதலில் கட்டாயமாக்கிய மாநிலம் டென்னசி. அந்தச் சட்டம் 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பட்டையின் அமைப்பு

பட்டை பாலியஸ்டர் இழைகளால் நெருக்கமாக நெய்யப்பட்டது. அகலம் சுமார் 5 செ.மீ. அதன் ஒரு முனை காரின் தூணுக்குள் இருக்கும் சுருள் பெட்டியில் சுற்றப்பட்டிருக்கும். மெதுவாக இழுத்தால் பட்டை தாராளமாக வரும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். பட்டை வேகமாக உருவப்படும்போது பூட்டுவது ஓர் ஏற்பாடு. வண்டியின் வேகம் சட்டென்று குறையும்போது, பெட்டிக்குள் இருக்கும் சிறு குண்டோ ஊசலோ நகர்ந்து பற்சக்கரத்தைப் பூட்டுவது மற்றொன்று.

புதிய கார்களின் முன் இருக்கைகளில் மேலும் இரண்டு கருவிகள் உள்ளன. மோதலை உணர்ந்ததும் சிறு வெடிமருந்தின் விசையால் பட்டையைப் பின்னிழுத்து உடலோடு இறுக்குவது ப்ரீடென்ஷனர். விசை ஓர் அளவை மீறும்போது பட்டையைச் சற்றே தளரவிட்டு விலா எலும்புகள் நொறுங்காமல் காப்பது லோடு லிமிட்டர். காற்றுப்பை இவற்றுக்குத் துணைக் கருவி மட்டுமே. இமைக்கும் நேரத்துக்குள் விரியும் அது, பட்டையால் பிடிக்கப்பட்ட உடல் வந்து சாய்வதற்கென்றே கணக்கிடப்பட்டது. பட்டை இல்லாமல் முன்னே பாய்பவரை, விரிந்துகொண்டிருக்கும் பையே தாக்கிக் காயப்படுத்தலாம்.

பெரியவர்கள் அணியும் முறை

பட்டை எலும்பின் மேல் படிய வேண்டும். மென்மையான உறுப்புகளின் மேல் அன்று. கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, இரு பக்க இடுப்பெலும்புகளின் மீதும் தொடையை ஒட்டித் தாழ்வாகச் செல்ல வேண்டும். வயிற்றின் மேல் சென்றால் மோதலில் குடலும் கல்லீரலும் கிழியலாம், முதுகெலும்பு முறியலாம். மேற்பட்டை காறை எலும்பின் நடுவே தொடங்கி மார்பெலும்பைக் கடந்து குறுக்காக இறங்க வேண்டும். கழுத்தில் உரசினாலோ தோளிலிருந்து வழுக்கினாலோ, தூணில் இருக்கும் உயரச் சரிசெய்யும் பிடியை மாற்ற வேண்டும். கழுத்தில் உறுத்துகிறது என்பதற்காகப் பட்டையை அக்குளுக்குக் கீழே விட்டுக்கொண்டால், வலுக்குறைந்த விலா எலும்புகள் முழு விசையையும் வாங்கி முறிந்து உள்ளுறுப்புகளைக் குத்தும். முதுகுக்குப் பின்னே விட்டால் மேலுடலைப் பிடிக்க எதுவும் இருக்காது.

மாட்டும்போது முதுகும் இடுப்பும் இருக்கையோடு ஒட்ட வேண்டும். பூட்டிய பிறகு கீழ்ப்பட்டையைத் தாழ்த்தி, மேற்பட்டையை மேல்நோக்கி இழுத்துத் தொய்வை எடுக்க வேண்டும். பட்டை முறுக்கிக்கொண்டிருந்தால் அதன் அகலம் குறைந்து விசை ஒரு கோட்டில் குவியும். இருக்கையை மிகவும் சாய்த்துப் படுத்திருப்பவரின் உடல் மோதலில் கீழ்ப்பட்டைக்கு அடியில் நழுவிப் போகும். பட்டை வயிற்றில் ஏறிவிடும். நெடுந்தொலைவுப் பயணத்தில் முன் இருக்கையைச் சாய்த்துத் தூங்குபவருக்கு இந்த ஆபத்து உண்டு. ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி தேவை.

கர்ப்பிணிகளும் எல்லா மாதங்களிலும் பட்டை அணிய வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேலும், மேற்பட்டை மார்புகளுக்கு நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டிலும் செல்ல வேண்டும். தாயைக் காப்பதே கருவைக் காக்கும் வழி.

குழந்தையின் உடல்

பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் கால் பங்கு. வளர்ந்தவருக்கு அது ஏழு அல்லது எட்டில் ஒரு பங்குதான். குழந்தையின் கழுத்தெலும்புகள் இன்னும் பாதி குருத்தெலும்பாகவே இருக்கும். முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலைப் பட்டை பிடித்துக்கொண்டாலும், கனமான தலை முன்னே வீசப்பட்டுத் தண்டுவடம் இழுபடும். பின்னோக்கி அமர்ந்த குழந்தைக்கு இருக்கையின் முதுகு ஓடுபோலத் தலையையும் கழுத்தையும் முதுகையும் ஒருசேரத் தாங்குகிறது. குழந்தையின் கால்கள் பின் இருக்கையில் மடங்கி முட்டுவதைக் கண்டு பெற்றோர் பலர் சீக்கிரமே திருப்பிவிடுகின்றனர். மடங்கிய காலால் குழந்தைக்குத் தீங்கில்லை.

சற்று வளர்ந்த குழந்தைக்கு வேறொரு குறை. இடுப்பெலும்பின் முன்விளிம்பு போதிய அளவு புடைத்து வளர ஏறக்குறைய பத்து வயது ஆகும். அதுவரை கீழ்ப்பட்டை அதில் நிலைக்காமல் வயிற்றுக்கு ஏறிவிடும்.

இருக்கை வகைகள்

பின்னோக்கும் இருக்கை பிறந்த நாளிலிருந்தே தேவை. ஐ-சைஸ் எனப்படும் ஐரோப்பிய விதிமுறை, குறைந்தது 15 மாதம் வரை குழந்தையைப் பின்னோக்கி அமர்த்தச் சொல்கிறது. அந்த இருக்கைக்கு உற்பத்தியாளர் குறித்துள்ள எடை, உயர வரம்பை எட்டும்வரை பின்னோக்கியே அமர்த்துமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது.

அந்த வரம்பைத் தாண்டிய குழந்தைக்கு, ஐந்து இடங்களில் பிணைக்கும் உள்பட்டையோடு கூடிய முன்னோக்கும் இருக்கை. அதையும் தாண்டிய பிறகு பூஸ்டர்: குழந்தையை உயர்த்தி, காரின் பட்டை இடுப்பிலும் தோளிலும் சரியாகப் படியும்படி வழிநடத்தும் இருக்கை. முதுகு உள்ள பூஸ்டர், தூங்கும் குழந்தையின் தலை சாய்வதையும் தடுக்கும்.

உயரம் ஏறக்குறைய 145 செ.மீ. ஆன பிறகே பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெறும் பட்டை பொருந்தும். முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிகிறதா, பாதம் தரையில் படிகிறதா, கீழ்ப்பட்டை தொடையை ஒட்டியும் மேற்பட்டை தோளின் நடுவிலும் இருக்கிறதா, பயணம் முழுவதும் பிள்ளை அப்படியே உட்காருமா என்று பார்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் பூஸ்டர் தொடர வேண்டும். 12 வயது முடியும்வரை பின் இருக்கையே நல்ல இடம்.

பொருத்தும் முறை

இயங்கும் காற்றுப்பைக்கு முன்னால் பின்னோக்கும் இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் பை இருக்கையின் முதுகை, அதாவது குழந்தையின் தலைப்பக்கத்தை, நேரடியாகத் தாக்கும். இதனால் குழந்தைகள் இறந்ததுண்டு.

குழந்தை இருக்கையைக் காரின் பட்டையால் கட்டலாம். அல்லது பின் இருக்கையின் இடுக்கில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் வளையங்களில் கொளுவலாம். ஐசோஃபிக்ஸில் சரியாக மாட்டியதைப் பச்சை நிறக் குறி காட்டும். முன்னே கவிழாமல் பிடிக்க, மேற்கயிறோ தரையில் ஊன்றும் காலோ தேவைப்படும். கட்டிய பிறகு, பட்டை செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் இருக்கை எந்தப் பக்கமும் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது.

உள்பட்டை, பின்னோக்கும் இருக்கையில் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழோ, முன்னோக்கும் இருக்கையில் தோள் மட்டத்திலோ சற்று மேலோ தொடங்க வேண்டும். பட்டையை இறுக்கியபின் குழந்தையின் தோள் அருகே அதைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு கையில் சிக்கினால் இன்னும் தொய்வு இருக்கிறது என்று பொருள். கம்பளி உடையும் போர்வையும் பட்டைக்கு மேலேதான் வர வேண்டும்.

இந்தியச் சட்டம்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 138ஆம் விதிப்படி, ஓட்டுநரும் முன் இருக்கைப் பயணியும் முன்னோக்கிய பின் இருக்கைகளில் இருப்பவர்களும் பட்டை அணிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194-பி பிரிவு, பட்டை அணியாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. 14 வயது நிறையாத குழந்தையைப் பட்டையிலோ குழந்தை இருக்கையிலோ பிணைக்காமல் வண்டி ஓட்டுபவருக்கும் அதே தொகை அபராதம். 2022இல் சீட் பெல்ட் அணியாத 16,715 பேர் சாலை விபத்துகளில் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 8,331 பேர் பயணிகள். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்னும் கார் மோதல் சோதனை, பெரியவர்களின் பாதுகாப்புக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் தனித்தனியே நட்சத்திர மதிப்பீடு வழங்குகிறது.

பராமரிப்பு

இந்தியக் கார்கள் பலவற்றில் பின்னால் பட்டை இருந்தும், அதன் பூட்டு கடையில் வாங்கிப் போட்ட சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கவரில் திறப்பு வைத்து அதை வெளியே எடுத்துவிடுவது முதல் வேலை. எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்கென்று பூட்டில் செருகும் போலிக் கொக்கிகளையும், பட்டையை இருக்கைக்குப் பின்னால் பூட்டி வைக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும்.

ஓரம் பிசிறிய, அறுந்த, சுருள் பெட்டிக்குள் தானாகத் திரும்பாத பட்டையை மாற்ற வேண்டும். கடும் மோதலில் ஒருமுறை விசையைத் தாங்கிய பட்டையின் இழைகள் நீண்டிருக்கும். வெடித்த ப்ரீடென்ஷனர் மறுபடி இயங்காது. அத்தகைய விபத்துக்குப் பிறகு, வெளியே பழுது தெரியாவிட்டாலும், அப்போது பயன்பாட்டில் இருந்த பட்டையையும் குழந்தை இருக்கையையும் மாற்றிவிட வேண்டும். இருக்கையின் பிளாஸ்டிக் வெயிலிலும் வெப்பத்திலும் நாளடைவில் நொய்ந்துபோகும் என்பதால், உற்பத்தியாளர் குறித்துள்ள காலவரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விபத்தில் சிக்கியதா என்று தெரியாத பழைய குழந்தை இருக்கையை வாங்கக் கூடாது.