ட்ரெக்: வண்டி இழுத்த சொல், நடந்த சனம்

கால் வலிக்க, மூச்சு வாங்க நடக்கிறதுக்கு இங்கிலீஷ்ல சொல் நிறைய. 'ட்ரட்ஜ்' எங்கிருந்து வந்ததுன்னு அகராதிக்காரங்களுக்கே தெரியலையாம். ஆனா 'ட்ரெக்' ஊர், பேர் தெரிஞ்ச ஆளு. இப்போ மலையேறப் போறவங்க பெருமையா சொல்ற இந்தச் சொல்லுக்கு டச்சு மொழியில 'இழு'ன்னுதான் அர்த்தம். இழுத்தது மாடு!

தென்னாப்பிரிக்காவுல குடியேறின டச்சு வம்சத்துக்காரங்க 1830கள்ல பிரிட்டிஷ் ஆட்சி பிடிக்காம மாட்டு வண்டி கட்டிக்கிட்டு உள்நாட்டுக்குக் கிளம்பினாங்க. அந்தப் பயணம்தான் ட்ரெக். ஆங்கிலம் அதை அப்படியே வாங்கிக்கிச்சு. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வண்டி போறதைப் பாத்து வளர்ந்த விழுப்புரத்துக்காரனுக்கு இந்தச் சொல் எளிதா புரியும் :-)

ஆனா எனக்கு அந்த மண்ணுல நடந்த இன்னொரு நடைதான் பெரிசா படுது. 1860 நவம்பர் 16ல் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பன் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். அப்புறம் தென்னார்க்காட்டிலிருந்தும் நிறைய பேர் போனாங்க. விழுப்புரமும் திண்டிவனமும் அப்போ அந்த மாவட்டம்தான். ஒப்பந்தம் முடிஞ்சும் ஊர் திரும்பாம தங்கினா வருஷத்துக்கு 3 பவுன் வரின்னு 1895ல் சட்டம் போட்டாங்க.

1913 அக்டோபர்ல டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துல பேசிப் பேசியே வேலைநிறுத்தத்தை மூட்டினாங்க. காந்தி பேரைச் சொல்ற நாம இவங்களை எவ்வளவு நினைக்கிறோம்? தொழிலாளர்கள் முதல்ல நியூகாசிலிலிருந்து சார்லஸ்டவுனுக்கு 36 மைல் நடந்தாங்க. விழுப்புரம் - திண்டிவனம் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு. தினப்படி ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. வழியில ஒரு குழந்தை குளிரிலும் வெயிலிலும் இறந்தது. இன்னொன்னு ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி விழுந்து போச்சு. அந்தத் தாய்கள் நிக்கலை.

நவம்பர் 6ல் எல்லையைத் தாண்டினது 2037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். 10ம் தேதி பால்ஃபரில் மடக்கி ரயிலேத்தித் திருப்பி அனுப்பினாங்க. 1914ல் 3 பவுன் வரி ரத்தாச்சு.

வண்டியில போனவங்க நடைக்கு அகராதியில தனிச்சொல் கிடைச்சது. வண்டி இல்லாம நடந்தவங்களுக்கு 'மார்ச்'னு ஒரு பொதுச்சொல்தான்.