பெற்றவர்களைத் தேட தத்துப்பிள்ளைக்கு வழி உண்டா? 'வேர்த் தேடல்' விதிகள் கூறுவது என்ன?

புது தில்லி: தத்துக் கொடுக்கப்பட்ட ஒருவர், தன்னைப் பெற்றவர்கள் யார், எந்தச் சூழலில் தன்னைப் பிரிந்தார்கள் என்பதை அறிய மேற்கொள்ளும் முயற்சி 'வேர்த் தேடல்' எனப்படுகிறது. 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் இதற்கு வழிவகை செய்துள்ளன. எனினும், தத்துப்பிள்ளையின் உரிமை பெற்றவர்களின் அந்தரங்க உரிமையை மீறக் கூடாது என்றும் அவை வரையறுக்கின்றன.

யாரை அணுகலாம்?

தத்தெடுப்புப் பணிகளை, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் செயல்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் (காரா) ஒழுங்குபடுத்துகிறது. காரா, மாநிலத் தத்தெடுப்பு வள முகமை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தையைத் தத்துக் கொடுத்த சிறப்பு தத்தெடுப்பு மையம் ஆகியவற்றில் எதை அணுகினாலும், அந்த அமைப்பு தேடலுக்கு உதவ வேண்டும். வெளிநாட்டில் வசிப்போர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தையோ, அங்கீகரிக்கப்பட்ட தத்தெடுப்பு முகமையையோ அணுகலாம்.

18 வயது நிறைவடையாதவர்கள், வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் தரப்பினர் தேடலில் ஈடுபட அனுமதியில்லை.

பெற்றவர்கள் மறுத்தால்?

குழந்தையை ஒப்படைக்கும்போது, தம் அடையாளத்தை வெளியிட வேண்டாம் எனப் பெற்றவர்கள் குறிப்பாகக் கோரியிருந்தால், அவர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, அவர்களைக் கண்டறிய இயலாவிட்டாலோ, குழந்தை ஒப்படைக்கப்பட்டதற்கான காரணமும் சூழலும் மட்டும் தத்துப்பிள்ளைக்குத் தெரிவிக்கப்படும். பெயரும் முகவரியும் கிடைக்காது.

கைவிடப்பட்ட நிலையில் மீட்கப்பட்ட குழந்தைகளின் நிலை வேறு. மறுப்பதற்கோ ஒப்புவதற்கோ பெற்றவர்கள் யாரென்றே பதிவு இருக்காது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு, காவல் துறை அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை, பெற்றோரைத் தேடி நாளிதழில் வெளியான அறிவிப்பு ஆகியவையே மிஞ்சும் தடயங்கள். கண்டெடுக்கப்பட்ட இடத்தையும் நாளையும் தாண்டிப் பல தேடல்கள் நகர்வதில்லை.

பழைய ஆவணங்கள்

முந்தைய பத்தாண்டுகளில் வெளிநாட்டினர் இந்தியக் குழந்தைகளை 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ், நீதிமன்ற அனுமதியுடன் அழைத்துச் சென்றனர். லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. காரா 1990-இல்தான் உருவானது. ஆகவே, அக்காலத் தத்தெடுப்புகளுக்கு நீதிமன்றக் கோப்புகளும் அப்போதைய இல்லங்களின் பதிவேடுகளுமே ஆதாரம். இல்லம் மூடப்பட்டிருந்தால் தேடல் கடினமாகிறது.

குழந்தையின் பிறப்புப் பின்னணி குறித்த தகவல்களைப் பாதுகாக்க வேண்டும் என, இந்தியா 2003-இல் ஏற்புறுதி செய்த ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு கூறுகிறது.

1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி குடும்பங்களுக்கு இடையே நேரடியாக நடந்த தத்தெடுப்புகளில், தத்துப் பத்திரம் பதிவு செய்யப்பட்டிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் விவரம் கிடைக்கலாம்.

பெற்றவர்கள் தேட முடியுமா?

குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைத்த பெற்றோர், முடிவை மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன் பிறகு குழந்தையைத் திரும்பக் கோர இயலாது. வேர்த் தேடல் விதிகள் தத்துப்பிள்ளையின் விண்ணப்பத்தை மட்டுமே முன்னிறுத்துகின்றன; பெற்ற தாய் தொடங்கும் தேடலுக்கு அவற்றில் தனி நடைமுறை இல்லை. பிள்ளை தேடி வந்தால்தான் அவருக்குத் தகவல் சேரும்.

இதனால், ஒப்படைக்கும் நாளில் தாய் தெரிவிக்கும் விருப்பம் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் விளைவை ஏற்படுத்தும். ஒப்படைப்பின் சட்ட விளைவுகளையும், பிள்ளை பிற்காலத்தில் தேடி வரும் வாய்ப்பையும் பெற்றோருக்கு விளக்க வேண்டும் என்று காரா 2025 ஜூலையில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. வேர்த் தேடலைத் தொடங்குவோருக்கும் தேவைக்கேற்ப உளவியல் ஆலோசனை வழங்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டுள்ளது.

விண்ணப்பிக்கும் முன், தத்தெடுப்பு உத்தரவு, குழந்தை குறித்த ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை, பழைய கடவுச்சீட்டு ஆகியவற்றின் நகல்களை வளர்ப்புப் பெற்றோரிடமிருந்து பெற்றுவைப்பது தேடலை எளிதாக்கும்.